வேம்பு கருகினால் வெட்ட வேண்டாம்

எறையூர்ப் பகுதியில் மக்காச்சோளக் கொல்லை வரப்பிலுள்ள வேம்பு மழைக்காலத்தில் நுனி கருகினால், மரமே பட்டுவிட்டதென்று விறகுக்கு விலை பேசுவது அவசரமாகும். இது போமாப்சிஸ் என்னும் பூசணத்தால் வரும் நுனிக்கருகல் நோய். தேயிலைக் கொசு சாறு உறிஞ்சிய தளிர்களில் எளிதில் பற்றும். 2021இல் தெலங்கானாவில் வேம்புகள் பரவலாகக் கருகியதும் இந்நோயால்தான். பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்த்துவிடும். நட்டம் பழத்தில்தான். பூங்கொத்தும் கருகுவதால் கொட்டை கிடைக்காது. மக்காச்சோளப் படைப்புழுவுக்குத் தெளிக்கும் கரைசலுக்கோ 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். மரத்தை வெட்டியவர் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கைக்கெட்டும் காய்ந்த நுனிகளைச் சிறிது பச்சைப்பகுதியோடு சேர்த்து வெட்டி எரிக்கவும். ஓங்கிய மரத்துக்கு மருந்தடிப்பது வீண்செலவே. இந்நோய் விதை மூலமும் பரவும். கருகிய மரத்தின் கொட்டையை நாற்றங்காலுக்கு எடுக்கலாகாது.