பாதிக் கணக்கு

"லாரியைக் குறைத்துக் கப்பலைக் கூட்டினால் புகை குறையும். இதையுமா சார் எதிர்ப்பீர்கள்?" என்று கடற்கரை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களைச் சிறு கப்பலில் புதுச்சேரிக்குக் கொண்டுவரும் திட்டம் பற்றிய பேச்சு. கப்பலை நான் எதிர்க்கவில்லை. பாதிக் கணக்கைத்தான் எதிர்க்கிறேன்.

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த லாரியைவிடக் கப்பலுக்கும் ரயிலுக்கும் எரிபொருள் குறைவு. வாஸ்தவம். ஆனால் துறைமுகத்தோடு சரக்கின் பயணம் முடிந்துவிடுகிறதா? இங்கே இறக்கி, லாரியில் ஏற்றி, ஊருக்குள் புகுந்துதான் சேதராப்பட்டுக்குப் போக வேண்டும்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பூகோள வாத்தியார் இதற்கு ஒரு பெயர் சொல்லிக்கொடுத்தார்: 'ரூப்த்யூர் த ஷார்ஜ்'. சரக்கு ஒரு வாகனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம். நம் முன்னோருக்கு அது தெரிந்த கஷ்டம். கப்பல் ஆழத்தில் நிற்கும்; சலங்குகளில் சரக்கை இறக்கிக் கரை சேர்ப்பார்கள். 1952 புயலில் பழைய பாலம் போய், 1962-ல் புதுப் பாலம் வந்த பிறகும் கப்பல் தள்ளித்தான் நின்றது.

இன்று கிரேன் வந்துவிட்டது. ஆனால் மாற்றும் செலவும் காத்திருப்பும் போகவில்லை. தூரம் எதுவானாலும் அந்தச் செலவு ஒன்றுதான். தாத்ரியிலிருந்து மும்பை நவசேவா வரை 1,506 கிலோமீட்டர் சரக்கு ரயில் பாதைத் திட்டம் இருக்கிறது. கன்டெய்னர் மேல் கன்டெய்னர் அடுக்கி, மின்சாரத்தில் ஓடுகிறது. அவ்வளவு தூரத்தில் மாற்றும் செலவு கரைந்துவிடும். சென்னையிலிருந்து நமக்கு 150 கிலோமீட்டர்தான். கரைவதற்குள் ஊர் வந்துவிடும்.

கணக்கில் ஏறாத இன்னொரு செலவு மணல். நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் அணைகள் கட்டினார்கள். மணல் தெற்கே தங்கியது. வடக்கே கடல் கரையைத் தின்றது. சிறு வயதில் நாம் ஓடி விளையாடிய மணல்வெளி கருங்கல் குவியலானது. வைத்திக்குப்பம், சோலைத்தாண்டவன் குப்பத்து மீனவர்களுக்கு வலை உலர்த்த இடமில்லை. தேங்கும் மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாடும் திட்டத்திலேயே இருந்தது, ஒழுங்காக நடக்கவில்லை. வாய்க்கால் தூர்ந்தால் மட்டும் தூர்வார ஓடுகிறார்கள்.

ஆகவே, 'பசுமை வழித்தடம்' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது மூன்றே. வாசலிலிருந்து வாசல்வரை டீசல் கணக்கை முழுசாக வெளியிடுங்கள். கப்பல் வருகிறதோ இல்லையோ, வருஷா வருஷம் மணலை வடக்கே சேருங்கள். 1879 முதல் விழுப்புரத்துக்கு நமக்கு ரயில் இருக்கிறது. தூரத்துச் சரக்குக்கு அதை முதலில் பாருங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டு வரும் கோப்பைத் திருப்பி அனுப்புவதுதான் எழுத்தர் வேலை. இதையும் திருப்பி அனுப்புகிறேன்.