பழைய ஆட்டமும் புதிய காட்சியும்

குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்கள் பழைய ஓவியங்களைத் தாங்கி நிற்பவை. அத்தகைய ஓவியங்களைப் புதுப்பிப்போர் மங்கிய வண்ணத்தைத் துலக்கலாம்; உருவத்தை மாற்றலாகாது. இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் பழைய கணினி விளையாட்டுகளுக்கும் இவ்வரம்பு பொருந்தும்.

இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு தோன்றிய ரூன்ஸ்கேப் என்னும் ஆட்டத்தை நோக்குக. அதன் காட்சிகள் 2008ஆம் ஆண்டில் மெருகேற்றப்பட்டன. 2012ஆம் ஆண்டிலோ போரிடும் முறையே மாற்றப்பட்டது. ஆடுவோர் பலர் வெறுப்புற்று விலகினர். மறு ஆண்டு நிறுவனத்தார் வாக்கெடுப்பு நடத்தி, 2007ஆம் ஆண்டின் ஆட்டத்தைத் தனியே மீண்டும் அளித்தனர். இதனைக் கொண்டு, மக்கள் அழகிய காட்சியை விரும்பார் என முடிவு செய்வோர் உளர். அது பிழை. அப்பழைய ஆட்டத்துக்கே 2021ஆம் ஆண்டில் ஆர்வலர் ஒருவர் தெளிவான காட்சியை அமைத்தார். நிறுவனத்தார் முதலில் தடுத்தனர்; ஆடுவோர் கொதித்தெழவே இசைந்தனர். வேண்டுவோர் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதோர் விட்டுவிடலாம். மக்கள் வெறுத்தது புதிய ஒளியையன்று, ஆட்டம் மாறியதையே.

பழைய கணினிக்கும் இடமளித்தல் செலவு மிக்கது என்பர். உண்மையே. கவுண்டர் ஸ்டிரைக் என்னும் ஆட்டம் 2023ஆம் ஆண்டில் புதுக்கோலம் பூண்டபோது, பழைய கணினிகளையும் மேக் கணினிகளையும் கைவிட்டது. அவற்றில் ஆடியோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்பது நிறுவனத்தார் கணக்கு. கணக்கில் அவ்வொருவர் சிறியவரே. ஆயினும், வடகரை போன்ற ஊரில், பிறர் பயன்படுத்திக் கழித்த கணினியில் ஆடும் மாணவனுக்குத் தோழரோடு கூடும் வாயிலே அடைபட்டுவிடும். அவ்வாயிலைத் திறந்து வைத்த பின்னரே பழைய ஆட்டம் புதுக்கோலம் பூணுதல் தகும்.