பழைய வாள் சண்டை கேம்கள்: விழுந்தால் யார் தவறு?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேம்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டு கேள்விகளைத்தான் அதிகம் கேட்கிறார்கள். "இது என் கம்ப்யூட்டரில் ஓடுமா?" என்பது முதல் கேள்வி. "கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டுமா?" என்பது இரண்டாவது. அந்த கேம் நல்லதா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. அதற்கும் பதிலாகக் கிடைப்பது ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்ற மதிப்பெண் மட்டுமே.

இந்த வரிசை தலைகீழாக மாற வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கேம் நல்லதா, இல்லையா என்பதை நட்சத்திரங்களின் உதவி இல்லாமல் நீங்களே கண்டுபிடிக்க முடியும். அதைப் பழகுவதற்குப் பழைய வாள் சண்டை கேம்களைப் போல வசதியானவை வேறு இல்லை. இவை மிகச் சாதாரணக் கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடியவை. விதிகள் குறைவு. சரியும் தவறும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும்.

எந்த கேம்களைச் சொல்கிறேன்?

திரையைப் பக்கவாட்டில் பார்க்கிறோம். ஒரு வீரன் நிற்கிறான். அவன் ஓட வேண்டும், பள்ளங்களைத் தாவ வேண்டும், மேடைகளில் ஏற வேண்டும். வழியில் வருபவர்களை வாளால் எதிர்கொள்ள வேண்டும். இத்தகைய கேம்களை ஆக்ஷன் பிளாட்பார்மர் என்று அழைப்பார்கள். 1980களின் பிற்பகுதி இவற்றின் பொற்காலம். காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில் டைட்டோ நிறுவனத்தின் ராஸ்தான் 1987லும், காப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரைடர் 1989லும் வந்தன. டிவியில் இணைத்து விளையாடும் நின்டெண்டோ சாதனத்துக்காக டெக்மோ நிறுவனம் நிஞ்ஜா கெய்டன் கேமை 1988ல் ஜப்பானில் வெளியிட்டது. கம்ப்யூட்டருக்கு என்றே பிறந்த பிரின்ஸ் ஆப் பெர்சியா 1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரிலும், 1990ல் டாஸ் இயங்கும் கம்ப்யூட்டர்களிலும் வந்தது.

இவற்றைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "அந்தக் காலத்து கேம் போல வருமா? எவ்வளவு கஷ்டமாக இருக்கும் தெரியுமா!" என்பது ஒரு கட்சி. "படம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, இதையா விளையாடுவது?" என்பது அடுத்த கட்சி. இரண்டு பேருமே கேமை மதிப்பிடவில்லை. முதல் கட்சியினர் தங்கள் இளமையை மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் கட்சியினர் மானிட்டரை மதிப்பிடுகிறார்கள்.

மூன்று சோதனைகள்

என் அளவுகோல் ஒன்றுதான். திரையில் வீரன் இறந்து விழும் அந்த நொடியில் உங்கள் மனதில் என்ன தோன்றுகிறது? "அவசரப்பட்டுவிட்டேன்" என்று தோன்றினால் அது நல்ல கேம். "இது அநியாயம்" என்று தோன்றினால் அதைச் சந்தேகப்பட வேண்டும். இதை மூன்று சோதனைகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது: ஆபத்து வருவதற்கு முன் கேம் அதைக் காட்டியதா? இரண்டாவது: நான் அழுத்திய கீக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான பலன் கிடைத்ததா? மூன்றாவது: என் தவறின் அளவுக்குத்தான் தண்டனை இருந்ததா? கஷ்டமான கேம் இந்த மூன்றிலும் பாஸ் ஆகலாம். எளிதான கேம் மூன்றிலும் பெயில் ஆகலாம்.

இளவரசனின் கணக்கு

பிரின்ஸ் ஆப் பெர்சியா கேமை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். தன் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் 1985ல் வீடியோ எடுத்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை அமைத்தார். வாள் வீச்சுக்கு 1938ல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தில் எரால் பிளினும் பாசில் ராத்போனும் மோதும் காட்சியை எடுத்துக்கொண்டார். அதனால் இந்த இளவரசன் பொம்மை போல நகர மாட்டான். ஓடிக்கொண்டிருப்பவன் நிற்க வேண்டும் என்றால் ஓரிரு அடி தள்ளித்தான் நிற்பான். திரும்பவும் நேரம் எடுத்துக்கொள்வான்.

முதல் முறை விளையாடுபவர்கள் இதைப் பார்த்ததும் கீ போர்டு கெட்டுவிட்டது என்றோ, கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றோ நினைப்பார்கள். உண்மை அதுவல்ல. இளவரசனுக்கு உடல் எடை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் தள்ளி நிற்பான். எனவே இரண்டாம் சோதனையில் இந்த கேம் பாஸ்.

முதல் சோதனைக்கு வருவோம். தளர்ந்த தளக்கல் விழும் முன் ஆடும். பக்கத்தில் குதித்தாலே அது அசைந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். தரையில் இருந்து பாயும் முட்களைக் கடக்க ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு மெதுவாக அடி வைத்தால் போதும். ஒரு மாடி உயரத்தில் இருந்து விழுந்தால் ஒன்றும் ஆகாது, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர்ப் புள்ளி போகும், மூன்று மாடி என்றால் மரணம். இந்த விதி மாறுவதில்லை. வாளை உருவாமல் காவலனிடம் வெட்டு வாங்கினால் ஒரே வெட்டில் ஆட்டம் முடிந்துவிடும். கொடுமைதான். ஆனால் ஒரு முறை பட்டால் போதும், மறுமுறை மறக்காது.

இந்த கேமில் என்னை மிகவும் கவர்ந்தது நிழல் மனிதன். காவலர்களை வரைய ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் நினைவகத்தில் இடம் இல்லாதபோது, இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன் மேலேயே பதித்து, புதிய படம் எதுவும் வரையாமல் மெக்னர் ஓர் எதிரியை உருவாக்கினார். நான்காம் லெவலில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தாவும்போது அவன் பிரிந்து போகிறான். பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கிறான். நீங்கள் அவனை வெட்டினால் உங்கள் உயிர்ப் புள்ளி குறைகிறது. அவனைக் கொன்றால் நீங்களும் சாகிறீர்கள். கீழ் அம்புக்குறியை அழுத்தி வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள்.

"இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இது அநியாயம்" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் வெட்டிலேயே கேம் உங்களுக்குப் பதிலைக் காட்டிவிடுகிறது. பதினோரு லெவல்களாக வாளை வீசிப் பழகிய கையை நிறுத்தத்தான் நமக்குத் தெரியவில்லை. ஒரு வாள் சண்டை கேம், வாளை எப்போது உள்ளே வைப்பது என்றும் கேட்கிறது என்றால் அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆனால் அதற்கு அடுத்த இடத்தில் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். நிழலோடு சேர்ந்த பிறகு வெறும் வெளியை நோக்கி ஓடினால் காலடியில் பாலம் தோன்றும். ஓடினால் தோன்றும் என்பதற்கு எந்த அடையாளமும் முன்னால் இல்லை. பள்ளத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்று அதுவரை சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே குதி என்றால் அது பாடம் இல்லை, புதிர். முதல் சோதனையில் இந்த ஓர் இடம் பெயில்.

தண்டனை எப்படி? மொத்தம் 60 நிமிடங்களில் 12 லெவல்களையும் முடிக்க வேண்டும். இறந்தால் அந்த லெவலின் ஆரம்பத்துக்குப் போவீர்கள், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம், நேரம்தான் விலை. இது கடுமையானது என்றாலும் நேர்மையானது.

நிஞ்ஜாவின் கணக்கு

இப்போது நிஞ்ஜா கெய்டன். இதன் வீரன் ரியூ, இளவரசனுக்கு நேர் எதிர். கீயை அழுத்திய கணத்தில் வாள் வீசுவான். தாவும்போது காற்றிலேயே திசையை மாற்றலாம். இரண்டாம் சோதனையில் இது பிரின்ஸ் ஆப் பெர்சியாவை விடவும் மேல்.

முதல் சோதனையில்தான் சிக்கல். நீங்கள் பள்ளத்தைத் தாவும் நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் இருந்து ஒரு பறவை பாய்ந்து வரும். அது மோதினால் ரியூ பின்னால் தள்ளப்பட்டுப் பள்ளத்தில் விழுவான். எவ்வளவு உயிர் மீதம் இருந்தாலும் பயன் இல்லை. வெட்டிய எதிரி, நீங்கள் ஓரடி பின்னால் வந்து மீண்டும் முன்னால் போனால் அதே இடத்தில் மறுபடி முளைப்பான். தெரியாத ஆபத்தை மனப்பாடம் செய்யத்தான் முடியும், பார்த்துத் தப்பிக்க முடியாது.

மூன்றாம் சோதனையில் இது பாதி பாஸ். எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம் என்ற சலுகை பெரிய விஷயம். ஆனால் ஆறாவது மற்றும் கடைசிப் பகுதியின் தலைவர்களிடம் தோற்றால், அந்தப் பகுதியின் ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். நீங்கள் செய்த தவறு ஒரு நொடி. தண்டனையோ, ஏற்கெனவே ஜெயித்த கட்டங்களை மறுபடியும் ஜெயிப்பது. முதல் ஐந்து பகுதிகளை மனதாரப் பரிந்துரைப்பேன். ஆறாவது பகுதியை முடித்தவர்களைப் பாராட்டுவேன், ஆனால் அந்தப் பகுதியை உருவாக்கியவர்களைப் பாராட்ட மாட்டேன்.

"கஷ்டம்தானே பெருமை" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில், நீங்கள் எவ்வளவு சீக்கிரம் தோற்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் அடுத்த காசு விழும். அந்தக் காலத்துக் கஷ்டத்தில் ஒரு பகுதி வியாபாரம். அதைக் கலை என்று கும்பிட வேண்டியதில்லை.

சேவ் செய்யலாமா?

பழைய கேம் சாதனங்களைப் போல நடிக்கும் எமுலேட்டர் புரோகிராம்களில் "சேவ் ஸ்டேட்" என்ற வசதி உண்டு. எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே பதிந்துகொண்டு, தோற்றால் அதே நொடிக்குத் திரும்பலாம். கரண்ட் போய்விடும் என்ற பயம் இருந்தாலோ, வீட்டில் கூப்பிட்டாலோ இதைப் பயன்படுத்துவதில் தவறு இல்லை. ஆனால் ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் சேவ் செய்துவிட்டு "இந்த கேம் ரொம்ப எளிது, சப்பென்று இருக்கிறது" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்டனையை நீக்கிவிட்ட பிறகு மூன்றாம் சோதனையே நடக்கவில்லை.

மெக்னர் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார். டாஸ் பதிப்பில் இரண்டு லெவல்கள் தாண்டியதும் கண்ட்ரோல் கீயையும் ஜி கீயையும் சேர்த்து அழுத்திச் சேவ் செய்யலாம். ஆனால் மீதமுள்ள நேரமும் சேர்ந்தே பதிவாகும். சாப்பிடப் போகலாம், தூங்கப் போகலாம், வீணடித்த நிமிடங்கள் மட்டும் திரும்பி வராது.

எங்கே ஆரம்பிப்பது?

இன்றைய 64 பிட் விண்டோசில் டாஸ் கேம்கள் நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராமை நிறுவி, அதற்குள் இயக்க வேண்டும். வேகம் அதிகமாகவோ குறைவாகவோ தெரிந்தால் கண்ட்ரோல் கீயோடு எப்11 அழுத்திக் குறைக்கலாம், எப்12 அழுத்திக் கூட்டலாம். வேகம் சரியாக இல்லாத நிலையில் எந்த கேமையும் மதிப்பிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பிரின்ஸ் ஆப் பெர்சியாவின் ஆப்பிள் 2 மூல நிரலை மெக்னர் 2012ல் இணையத்தில் வெளியிட்டார். அதனால் கேம் இலவசம் ஆகிவிடவில்லை. பழைய கேம்களை அள்ளித் தருவதாகச் சொல்லும் தளங்களில் பல, உரிமை இல்லாதவற்றைத் தருகின்றன. கூடவே வைரசும் வரலாம். முறையாக விற்கப்படும் பதிப்பையோ, உங்களிடம் உள்ள பழைய சிடியையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

பழையவை கிடைக்கவில்லை என்றால் கவலை வேண்டாம். அதே பாணியில் புதிதாகச் செய்யப்பட்ட கேம்கள் இருக்கின்றன. 2018ல் வந்த தி மெசஞ்சர் கேமில் நீங்கள் இறந்தால் ஒரு குட்டிப் பிசாசு வந்து காப்பாற்றும். அதற்குக் கூலியாக, அடுத்து நீங்கள் சேகரிக்கும் மணிகளில் பங்கு எடுத்துக்கொள்ளும். 2014ல் வந்த ஷோவல் நைட் கேமில் வீரன் கையில் வாளுக்குப் பதில் மண்வெட்டி. இறந்தால் பணப்பைகள் அங்கேயே மிதக்கும், திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் தண்டனை உண்டு, ஆனால் அளவோடு உண்டு. பழைய கேம்களின் மூன்றாம் சோதனைத் தோல்விகளை இவர்கள் கவனமாகப் படித்திருக்கிறார்கள் என்பது விளையாடினாலே தெரியும்.

இந்த வாரம் ஒரு கேமை எடுத்து அரை மணி நேரம் விளையாடுங்கள். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் ஒரு தாளில் "நான்" அல்லது "கேம்" என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். "கேம்" என்ற சொல்லே தாள் முழுக்க இருந்தால், அது எவ்வளவு புகழ்பெற்ற கேமாக இருந்தாலும் தயங்காமல் மூடிவிடுங்கள். "நான்" என்று வரிசையாக எழுதியிருந்தும், இன்னொரு முறை முயலலாம் என்று கை பரபரத்தால், அதுதான் நல்ல கேம். அந்தத் தாள் கையில் இருக்கும்போது யாருடைய நட்சத்திரமும் உங்களுக்குத் தேவைப்படாது. புதிய கிராபிக்ஸ் கார்டும்தான்.