பழைய பதிப்பை என் செய்வது?

நம் இல்லங்களில் பெட்டியோடு பெட்டியாக ஊர் கடந்து வந்த நூல்கள் சில உண்டு. மஞ்சட் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய 'சமைத்துப் பார்' அவற்றுள் ஒன்று. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்நூலின் பழைய பிரதிகள், தொட்டால் தாள் ஒடியும் நிலைக்கு வந்துவிட்டன. புதிய பதிப்பை வாங்கிக்கொண்டு பழையதைக் கழித்துவிடலாமா என்று சகோதரிகள் சிலர் நம்மை வினவுகின்றனர்.

அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். உறவினர் கேட்கும்போதெல்லாம் செய்முறைகளை எழுதிக் கொடுத்து வந்தவர். அவற்றை நூலாக்குமாறு தூண்டியவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். ஆகவே அது பக்கத்தில் நின்று சொல்லித் தரும் நூலாக அமைந்தது. தாயோ மாமியாரோ அருகில் இல்லாத பெண்ணுக்கு அஃது எத்தகைய துணை என்பதை, டில்லியிலும் பம்பாயிலும் குடித்தனம் வைத்தவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

அந்நூல் பிறந்தபோது ஆழாக்கும் பலமும் வீசையும் வழக்கில் இருந்தன. 1956-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1958 முதல் மெட்ரிக் எடைகள் கடைத்தெருவுக்கு வந்தன. இன்று பலம் என்றால் பேரப் பிள்ளைகள் வலிமை என்றே பொருள் கொள்வர்! 1968-இல் நூல் ஆங்கிலத்திலும் வந்தது. 2001-இல் தேர்ந்தெடுத்த செய்முறைகள் மட்டும் ஆங்கிலத்தில் தனி நூலாயின. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்கு இவை பெரிதும் உதவுவன. அளவை மாற்றுவதும், அம்மிக்குப் பதிலாக மிக்ஸியைச் சொல்வதும் குற்றமல்ல என்பதே நம் கருத்து.

பேச்சை மாற்றுவது வேறு. அமெரிக்காவில் இர்மா ராம்பவர் என்னும் அம்மையார், கணவர் இறந்த மறு ஆண்டு, 1931-இல், சொந்தப் பணத்தில் 3,000 பிரதிகள் அச்சிட்ட 'ஜாய் ஆஃப் குக்கிங்' என்னும் நூலின் வரலாற்றைப் பாருங்கள். 1943-ஆம் ஆண்டுப் பதிப்பு போர்க்காலப் பங்கீட்டுக்கு ஏற்ற வழிகளைச் சொல்லிற்று. அதனால் நூல் வளர்ந்ததேயன்றித் தேயவில்லை. ஆனால் 1997-இல் தொழில்முறை வல்லுநர் பலரைக் கொண்டு அதனைத் திருத்தி எழுதினர். தகவல்கள் புதியனவாயின, வேடிக்கையும் உரிமையுமாகப் பேசிய அந்தக் குரல் மறைந்தது. பனிக்கூழ் வகைகளும், காய்கனிகளைப் புட்டியில் அடைத்துப் பாதுகாக்கும் பகுதியும் நீக்கப்பட்டன. பழைய வாசகர் மனம் நொந்தனர். 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கியவற்றையும் பழைய குரலையும் மீட்டுக் கொணர வேண்டியதாயிற்று.

சமையல் பெண்ணுக்கே உரியது என்னும் எண்ணத்தில் எழுதப்பட்ட நூல் இக்காலத்துக்கு ஏற்குமா என்று கேட்பாரும் உளர். வெளியூரில் தனியே தங்கிப் பணிபுரியும் நம் வீட்டு ஆண்பிள்ளைகளும் இன்று ரசம் வைக்கின்றனர், வைக்கத்தான் வேண்டும். அதற்காக அம்மையாரின் சொற்களைத் திருத்தப் புக வேண்டியதில்லை. பெண்ணுக்குச் சொன்னதைப் பிள்ளை படித்தால் புளி கரையாமற் போகுமா, என்ன? அவர் யாரை நோக்கிப் பேசினார் என்பதும் அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு செய்தியே.

ஆகவே புதியதை வாங்குங்கள், பழையதைக் கழிக்காதீர்கள். ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம்; 40 பலம் ஒரு வீசை; 8 ஆழாக்கு ஒரு படி. இதனை ஒரு தாளில் எழுதி அட்டையின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். ஆழாக்கு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. வீட்டுக்கு வீடு அது சற்றே மாறுவதுண்டு. பரணில் பழைய ஆழாக்கு கிடந்தால் எடுத்து, அரிசியைத் தலைதட்டி அளந்து, தராசில் நிறுத்துப் பாருங்கள். பாட்டிமார் உடனிருக்கும்போதே இதனைச் செய்வது நன்று. தலைதட்டியா, குவித்தா என்பதை அவர்களே அறிவார்கள். கிடைத்த எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மையால் எழுதினால் அந்தத் தாள் தாங்காது.