ஒரு வார்த்தை செய்த வம்பு

'ஹை' என்ற ஆங்கில வார்த்தைக்கு உயரம் என்று பொருள். போதை தலைக்கேறிய நிலைக்கும் அதே வார்த்தைதான். இந்த இரட்டை அர்த்தத்தால் ஒரு நல்ல பாட்டு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல!

பாடியவர் ஜான் டென்வர். அமெரிக்காவின் 'கண்ட்ரி' சங்கீதத்தில் பெயர் பெற்றவர். தகப்பனார் விமானப்படை அதிகாரி. மூட்டை கட்டுவதும் பிரிப்பதுமாகவே பிள்ளைப் பிராயம் கழிந்தது. சொந்த ஊர் என்று ஒன்று இல்லாததாலோ என்னவோ, மனசுக்குப் பிடித்த கொலராடோவின் தலைநகரையே தம் பெயராக்கிக் கொண்டார். குடும்பப் பெயர் டாய்ச்செண்டார்ஃப். (அதை அறிவித்து முடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும்!)

1970-ஐ ஒட்டி, மனைவியுடன் ஆஸ்பென் என்ற மலையூருக்குக் குடிவந்தார். சுமார் 8,000 அடி உயரம். ஓர் ஆகஸ்டு மாதம், சிநேகிதர்களோடு இன்னும் மேலே ஏறி, வில்லியம்ஸ் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். ஒரு வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசியைப் பூமி வருஷா வருஷம் கடந்துபோகும் சமயம் அது. நிலவில்லாத இரவு. வானத்திலிருந்து எரிநட்சத்திரங்கள் பொல பொலவென்று உதிர்ந்தன. பார்த்தவருக்குப் பேச்சு எழவில்லை. பாட்டாக எழவே பல மாதங்கள் பிடித்தன.

1972-ல் வந்த அந்தப் பாட்டுத்தான் 'ராக்கி மௌண்டன் ஹை'. அதில் உபதேசம் கிடையாது. காட்டிலும் ஓடைக்கரையிலும் தனியாக நடக்கிற ஒருவன், வீட்டுப் பெரியவரோடு பேசுவதுபோல் கடவுளோடு பேசுகிறான், பதிலும் கிடைக்கிறது. கூடவே ஒரு கவலை: நாலு பேர் கூடுதலாக வருவதற்காக இந்த மலையை உடைக்க வேண்டுமா? அதே வருஷம் நவம்பரில் கொலராடோ ஜனங்கள், 1976 குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்துக்கு எங்கள் பணம் கிடையாது என்று வாக்களித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் சில ரேடியோ நிலையங்களுக்குக் கண்ணில் பட்டது 'ஹை' ஒன்றுதான். போதைப் பாட்டு என்று ஒதுக்கி வைத்தன. 1985-ல் செனட் சபைக் குழுவின் முன் டென்வர் சாட்சி சொன்னார்: அது நட்சத்திரங்களைக் கண்ட பரவசம், தவறாக நினைத்தவர்கள் அந்த மலைப் பக்கமே போகாதவர்கள் என்று. பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது, பாவம்!

1997-ல், தாமே ஓட்டிய சிறு விமானம் கலிபோர்னியா கடலில் விழுந்து இறந்தார். 2007-ல் அந்தப் பாட்டைக் கொலராடோ சட்டசபை மாநிலத்தின் இரண்டாவது கீதமாக ஏற்றது. ஆஸ்பெனில் ஆற்றோரத்தில், பெரிய பாறைகளில் அவர் பாட்டுக்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.