வளவில் நிற்கும் பலாவுக்கும் சட்டம் உண்டு



கல்கிசை, தெஹிவளைப் பகுதிகளில் பழைய வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகள் கட்டுவது பல வருடங்களாக நடந்து வருகிறது. அப்போது வளவு மூலையில் நிற்கும் பலாமரமும் சேர்ந்து விழுகிறது. "எங்கள் காணி, எங்கள் மரம், யாரைக் கேட்க வேண்டும்?" என்பதே பலரது எண்ணம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பித்து, பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரத்தைப் பெற வேண்டும்.

ஏன் இந்த மரங்கள்? இவை பசி தீர்ப்பவை. பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தினார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றே அழைத்தனர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரிசி வாங்க வழியில்லாத பல வீடுகளில் அவித்த பலாவே ஒரு நேரச் சாப்பாடாயிற்று.

பனையின் அருமையை வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெல் வீச்சாலும், காப்பரண் அமைக்கத் தறித்ததாலும் யுத்த காலத்தில் எண்ணற்ற பனைகள் அழிந்தன. ஒடியலும் பினாட்டும் பெண் பனை தருபவை. வடலி பூப்பதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் செல்லும். அதுவரை அது ஆணா பெண்ணா என்றும் தெரியாது. இன்று தறிக்கும் மரத்துக்கு ஈடு காண ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகும் காலம் வேண்டும்.

கணவரை இழந்தோ, அவர் காணாமற்போனதாலோ தனித்துக் குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண்களிடம் மர வியாபாரிகள் வருவார்கள். சில வேளை உறவினரே வருவர். "நாங்கள் பார்த்துக்கொள்வோம், ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கள்" என்பார்கள். "அனுமதிப்பத்திரம் எங்கே?" என்று கேளுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். பணமுடை இருந்தால் முதலில் காயையும் கொட்டையையும் விற்கப் பாருங்கள். மரத்தை ஒருமுறைதான் விற்கலாம்.

மரம் ஆபத்தாகவும் மாறலாம். 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து 5 பேர் உயிரிழந்தனர். பட்டுப்போன, வேர் கிளம்பிய வீதியோர மரத்தைக் கண்டால் மாநகர சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழும் அரசகரும மொழி. கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

அயல்வீட்டுக் கிளை உங்கள் கூரையில் சாய்ந்திருந்தால் முதலில் பேசிப் பாருங்கள். சரிவராவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. உங்கள் பக்கத்தை நீங்களே சொல்லலாம். பல வேளைகளில் கிளையை வெட்டினாலே போதும், மரம் தப்பிவிடும்.

உங்கள் பெண்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யார் வளவில் என்ன மரம் நிற்கிறது, யாருக்கு விண்ணப்பம் எழுத உதவி வேண்டும் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். மரம் வெட்ட ஆள் வந்து நிற்கும் நாளில் ஒரு பெண் தனியாக நிற்க வேண்டி வராது.