கம்பி அறுந்தாதான் மாத்தணுமா?

கிட்டார் கம்பி அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று பலரும் நினைக்கிறோம். அது தப்பு! அறுவதற்கு முன்பே கம்பியின் நாதம் செத்துவிடும். விரல் வியர்வையில் உள்ள உப்பு ஸ்டீல் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

சோதிப்பது சுலபம். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்க. சொரசொரப்போ பள்ளமோ தட்டுதா? சுருதி சேர்த்தபின், 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்க. அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரணும். முன்னே சரியா வந்தது இப்போ பிசகுதா? ஆறு கம்பியையும் சேர்த்தே மாத்துங்க.

புதுசா கத்துக்கிற பிள்ளை கைக்குத்தான் பழைய கிட்டார் போகுது. அபசுரம் வந்தா, "உனக்கு சங்கீதம் வராது"ன்னு சொல்லிடறோம். அந்தப் பிள்ளையும் கிட்டாரைக் கீழே வச்சிடுது.

முதல்ல கம்பியைப் பாருங்க. அப்புறம் பிள்ளையைக் குறை சொல்லலாம்!